ஈப்போவில் தைத்த கல்யாணக் கோட்டு

1

போன வாரம் எங்கள் கல்யாண நாள். பத்து வருஷம் முடிந்துவிட்டது. பெரிய கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. காலையில் வழக்கம்போல மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குனோங் ராபாட்டிலிருந்து ஈப்போ டவுனுக்குப் போனேன். லாரி ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் நாள் முழுக்கக் கிரீஸ் கையோடு நின்றேன். திரும்பும்போது புஷ்பாவுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தேன். இங்கே மல்லிகை விலைக்கு அதுவே கொண்டாட்டம்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மீனா ஓடி வந்தாள். எங்கள் மூத்தவள், ஒன்பது வயது, மலாய்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வகுப்பில் குடும்பப் படம் கொண்டுவரச் சொன்னார்களாம். கூடத்தில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தையே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"அப்பா, சிக்கு கேட்டாங்க லா, உங்க அப்பா அம்மா கிறிஸ்தியானான்னு" என்றாள். சிக்கு என்றால் டீச்சர்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். தெரியாது என்று சொன்னாளாம். அதையும் மலாயில் சொல்லியிருக்கிறாள்.

புஷ்பா விழுந்து விழுந்து சிரித்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளைகளைக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போகிறோம், நெற்றியில் திருநீறு பூசி அனுப்புகிறோம், அப்படியும் தெரியாதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அந்த டீச்சர் இல்லை. ஊரில் எங்கள் ஆட்கள் சிலரும் அப்போது கேட்டார்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் தேவகோட்டைக்குத் தெற்கே. அப்பா நான் சின்னப் பையனாக இருந்தபோதே தவறிப்போய்விட்டார். ஆத்தா காளியம்மாள்தான் என்னையும் வள்ளி அக்காவையும் வளர்த்தாள். ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவர் கடைக்கு ஆள் வேண்டும் என்று சொல்ல, மீசை முளைக்கும் வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். அந்தக் கடை சில வருஷங்களில் மூடப்பட்டது. முதலாளி ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் கையில் சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே தங்கிவிட்டேன். சிவப்பு அட்டை என்றால் இருக்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. நீல அட்டை கிடைத்தால்தான் இந்த நாட்டு ஆள்.

ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு மாறிய பிறகு சுங்கை சிப்புட்டிலிருந்து லாரிச் சாமான் வாங்க வருவார் ராஜு. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில். ஒரு நாள் தேநீர் குடிக்கக் கூட்டிப் போய், தன் தங்கைக்கு என்னைக் கேட்டார். தங்கை புஷ்பா. அப்போதிருந்து அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்ள.

ஆத்தாவுக்கு எழுதினேன். அக்கா கைப்பட பதில் வந்தது. சாதி, சீர், வயது எதையும் ஆத்தா கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெண் நம்ம சாமி கும்பிடுகிற பெண்தானே? ஆமாம், தோட்டத்து மாரியம்மன் கோவிலில்தான் கல்யாணம் என்று எழுதினேன். சந்தோஷமாகச் சம்மதம் சொன்னாள்.

அவளைக் கூட்டி வர ஆசைப்பட்டேன். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஆத்தா பிறந்ததை யார் எங்கே எழுதி வைத்தார்கள்? தாசில்தார் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு நடையாய் நடந்தாள். கடைசியில் ஆத்தாவே சலித்துப்போய் எழுதச் சொல்லிவிட்டாள்: "நான் வரலப்பா. போட்டாவ மட்டும் நல்லா எடுத்து அனுப்பு. அதப் பாத்தா நான் வந்து நின்ன மாதிரிதான்."

ஆக, அவள் என் கல்யாணத்தைப் பார்க்கப்போவது ஒரு படத்தில்தான். எனக்கு அது மட்டும்தான் மனசில் நின்றது.

3

இங்கே தமிழர் கல்யாணத்தில் காலையில் வேட்டி, தாலி, மேளம் எல்லாம் ஊர் மாதிரியேதான். சாயங்காலம் 'டின்னர்' என்று ஒன்று உண்டு. அதற்கு மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டே ஆக வேண்டும். பெண் தலையில் வெள்ளை வலை போட்டு, கையில் பூச்செண்டு பிடித்து வருவாள். மதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்துப் பழகிய பழக்கம். துரைகள் போய்விட்டார்கள், கோட்டு தங்கிவிட்டது. தோட்டத்தில் எல்லோருக்கும் கோட்டு தைக்க வசதி ஏது? புஷ்பா வீட்டு அக்கம்பக்கத்தில் நாலைந்து கல்யாணப் படங்களில் ஒரே கோட்டைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ஆள் மட்டும் மாறியிருப்பார்.

மாப்பிள்ளைக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டு முறை. மாமனார் உயிரோடு இல்லை. அந்தப் பொறுப்பு மச்சான் தலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பழைய டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போனார். இரவல் கோட்டே போதும் மச்சான் என்று வழியெல்லாம் சொன்னேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தார்.

சாதாரணக் கோட்டும் அவருக்குப் போதவில்லை. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் மகன் கல்யாணத்தில் அவன் நீலக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக நின்றானாம். அதற்கு மேல் ஒன்று வேண்டும். ஈப்போவில் ஒரு பணக்காரச் சீனர் வீட்டுக் கல்யாணத்துக்கு லாரியில் நாற்காலி இறக்கப் போனபோது மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறார். கறுப்புக் கோட்டு, கழுத்து மடிப்பில் பட்டு பளபளக்கிறது, கால்சட்டை ஓரத்தில் அதே பட்டில் ஒரு கோடு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு 'போ' டை. அதற்கு டக்சிடோ என்று பெயர் என்பதையும் விசாரித்து வைத்திருந்தார். "என் தங்கச்சிய கட்டப்போற ஆளு லா. சும்மாவா?" என்றார்.

தையல்காரர் வயதான சீனர். பேச்சில் பாதி மலாய், கால்வாசி தமிழ், மிச்சம் கை. மச்சான் இருப்பதிலேயே கனமான துணியைக் காட்டினார். சீனர் என் மெலிந்த தோளைத் தொட்டுப் பார்த்து, ஈப்போ வெயிலில் இதைப் போட்டால் மாப்பிள்ளை தாலி கட்டின அன்றைக்கே வேர்த்துச் செத்துப்போவான் என்று சொல்லி, மெல்லிய துணி ஒன்றை எடுத்து விரித்தார். மச்சானுக்கு மனசே இல்லை. கனம் குறைந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று பயம்.

உண்மையான சண்டை இரண்டாவது முறை அளவு பார்க்கப் போனபோதுதான் வந்தது. அன்று மாமியாரும் கூட வந்திருந்தார். அரைகுறையாகத் தைத்த கறுப்புக் கோட்டை என் மேல் பார்த்தவர் கடைக்கு வெளியே போய், ஐந்தடிப் பாதை என்று இங்கே சொல்கிற கடைவாசல் நடையில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் பின்னாலேயே போனார்.

"கறுப்ப உடுத்திக்கிட்டு என் வாசல்ல மாப்பிள்ளை வர வேணாம்" என்றார் மாமியார். குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது. வீட்டுக்காரரைச் சின்ன வயதிலேயே இழந்தவர். மகளுக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்ற பயம்.

அப்படியென்றால் வெள்ளை என்றார் மச்சான். வெள்ளை டக்சிடோவும் உண்டு. மாட்டிப் பார்த்தேன். மச்சானே தலையை ஆட்டிவிட்டார், ஓட்டலில் தட்டுத் தூக்குகிற ஆள் மாதிரி இருக்கிறதாம். சீனரும் முகத்தைச் சுளித்தார். அவர்களுக்கு வெள்ளைதான் சாவு நிறம். எங்களுக்குக் கறுப்பு ஆகாது, அவருக்கு வெள்ளை ஆகாது, நீலத்தில் தைத்தால் அது டக்சிடோவே இல்லை. கண்ணாடி முன்னால் நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே இருக்கிறேன்.

வழி சொன்னவர் சீனர்தான். உள்ளே போய் ரத்தச் சிவப்பில் ஒரு துணி எடுத்து வந்தார். கோட்டின் உள்பக்கம் முழுக்க இதை வைத்துத் தைக்கிறேன், மாப்பிள்ளை உடம்பில் படுவது சிவப்பு, கறுப்பு வெறும் மேல்தோல் என்று கைச்சாடையிலேயே புரியவைத்தார். மாமியார் அந்தத் துணியைத் தடவிப் பார்த்தார். சரி என்றார்.

கோட்டு தைத்து வந்ததும் மாமியார் அதைச் சாமி முன்னால் வைத்து, உள்பக்கத்து மூலைகளில் அழுத்தமாக மஞ்சள் தடவிக் கொடுத்தார். போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, அந்த ஆள் எனக்குப் பிடித்திருந்தான். ஆத்தா பார்த்தால் அசந்துபோவாள் என்று நினைத்தேன்.

4

கல்யாணம் எழுபத்தெட்டில் நடந்தது. மாரியம்மன் சன்னதியில் தாலி கட்டினேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே மேளச் சத்தம் அப்படி ஒரு சத்தம். மச்சானின் சிநேகிதர் ஒருவர் படம் எடுத்தார். தாலி கட்டும்போது, மாலை மாற்றும்போது, சுமங்கலிகள் ஆரத்தி எடுக்கும்போது என்று விடாமல் எடுத்தார். ஆத்தாவுக்கு அனுப்ப வேண்டும், கோவில் கோபுரம் தெரியும்படி எடுங்கள் என்று நானே பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

சாயங்கால விருந்தில் அந்த மனிதர் பிலிம் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க கேமராவின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார். பளிச்சென்று விளக்கு எரிகிற மண்டபம். அவ்வளவுதான், வெளிச்சம் பட்டு, தாலி கட்டியது, மாலை மாற்றியது எல்லாம் போயிற்று. அவர் அழாத குறையாக வந்து சொன்னார். நல்ல நாளில் யாரைத் திட்டுவது?

ஒரே ஒரு வழிதான் இருந்தது. மறுநாள் ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். நான் டக்சிடோ, புஷ்பா வெள்ளைச் சேலை, தலையில் வலை. வலையோடு சேர்ந்த முத்துச்சரம் நெற்றியில் தொங்கிப் பொட்டை மறைத்தது. பூச்செண்டை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார்கள், தாலி அதற்குள் போய்விட்டது. பின்னால் தொங்கிய திரையில் உயரமான வளைவு ஜன்னல்களும் படிக்கட்டும் வரைந்திருந்தன. அது அரண்மனையாம். எங்களுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. இங்கே எல்லோர் வீட்டுப் படமும் இப்படித்தான் இருக்கும்.

அதில் பெரிய படம் ஒன்றைச் சட்டம் போட்டு ஊருக்கு அனுப்பினேன். கூடவே கோவில் கல்யாணம், பிலிம் வீணானது, டின்னர், டக்சிடோ எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன்.

பதில் வர நாளாயிற்று. வந்தது சின்னக் கடிதம். போட்டோ கிடைத்தது, மருமகள் லட்சணமாக இருக்கிறாள், நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் நல்லா இருந்தால் போதும் என்று எழுதச் சொல்லியிருந்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் அடித்துப் பிடித்துத் திரும்ப எழுதினேன். நாங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேரவில்லை, இது இங்கத்திய உடுப்பு, கோட்டுக்குள் மஞ்சள் தடவித்தான் போட்டேன் என்றெல்லாம் எழுதினேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சளும் தெரியாது, சிவப்பும் தெரியாது. அதற்கு வந்த பதில்: "சரிப்பா."

அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நான் நம்பினேன். பிறகு வந்த கடிதங்களில் அந்தப் பேச்சே இல்லை.

5

ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். வருஷா வருஷம் அடுத்த வருஷம் என்றுதான் இருந்தது. நீல அட்டைக்கு மனுப் போட்டிருந்தேன். மனுப் போட்டவன் நாட்டைவிட்டு வெளியே போய்வந்தால் இங்கே தங்கிய வருஷ எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும் என்று வரிசையில் நிற்பவர்கள் பயமுறுத்தினார்கள். சிவப்பு அட்டைக்காரன் வெளியே போனால் திரும்பி வரத் தனி அனுமதி வாங்க வேண்டும். நேர்காணலில் மலாயில் கேட்டார்கள், திக்கித் திணறிப் பதில் சொன்னேன், இன்னும் நன்றாகப் பேசிப் பழகிவிட்டு வா என்று அனுப்பினார்கள். மீனா பிறந்தாள், சின்னவன் பிறந்தான். இப்படியே காலம் ஓடியது.

எண்பத்தைந்தில் தந்தி வந்தது. அனுமதிக் கடிதம் கைக்கு வருவதற்குள் ஆத்தாவுக்கு எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது பங்காளி மகன். நான் அப்போது ஈப்போவில் ஓர் ஆபீஸ் பெஞ்சில் என் எண்ணைக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

மறுவருஷம் திதிக்குக் குடும்பத்தோடு போனோம். வீட்டு வாசலில் பங்காளிகள் நின்றார்கள். புஷ்பா காரிலிருந்து இறங்கினாள். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் தாலி. வந்ததும் வராததுமாகச் சாமி அறைக்குப் போய் விளக்கை ஏற்றி விழுந்து கும்பிட்டாள். தோட்டத்துப் பெண்கள் அப்படித்தான். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் கொஞ்சம் இருமிவிட்டு, "அப்பச் சரி, இந்த வருசத்துல இருந்து தலைக்கட்டு வரியக் குடுத்துருப்பா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. திதி முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் தனித் தலைக்கட்டு. அந்த வருஷத்துப் படைப்புக்குக் குலதெய்வக் கோவிலில் அவன் பெயருக்கு வரி கட்ட வேண்டும். என் கல்யாணப் படம் போய்ச் சேர்ந்ததும் ஆத்தா அதைத் தெருவெல்லாம் காட்டியிருக்கிறாள். படைப்பன்று என் பெயருக்கு வரிப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கோவிலுக்குப் போயிருக்கிறாள். அவர்கள் வாங்கவில்லை. மாதா கோவிலில் கல்யாணம் கட்டினவனுக்கு இங்கே ஏது தலைக்கட்டு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த ஆத்தா அதன் பிறகு அந்தக் கோவில் வாசலை மிதிக்கவே இல்லை. என் மகனுக்கு இடமில்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டாளாம். வேண்டாத தெய்வமில்லாமல் வேண்டி என்னைப் பெற்றவள், தான் கும்பிட்ட சாமியை என்னால் விட்டிருக்கிறாள்.

நான்தான் எழுதினேனே அக்கா, நீதானே படித்துக் காட்டினாய் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"படிச்சேன்டா, திரும்பத் திரும்பப் படிச்சேன். பெத்தவ மனசு நோகக்கூடாதுன்னு பிள்ளை எழுதுறான், எனக்குத் தெரியாதான்னுச்சு. நீ பதறி எழுதுன பெறகு, அவனுக்காகச் சரின்னு எழுதிருன்னுச்சு" என்றாள் அக்கா. பிறகு, "வருசா வருசம் ஒன் கல்யாண நாளைக்கு வெயில்ல நடந்து பக்கத்தூரு மாதா கோயிலுக்குப் போகும். மெழுகுவத்தி ஏத்திட்டு வரும். எதுக்காத்தா இதெல்லாம்னேன். என் பிள்ளையும் மருமகளும் எந்தச் சாமி நெழல்ல இருக்காகளோ, அந்தச் சாமிகிட்டதானே போயிச் சொல்லணும்னுச்சு" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகள் முன்னால் அழுதேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை புஷ்பாவை அவள் நேரில் பார்த்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். வாசலில் இறங்கிய அந்த நிமிஷத்திலேயே தீர்ந்திருக்கும். பங்காளிகளுக்குத் தீர்ந்தது, அவளுக்குத் தீரவில்லை.

வரியை நான் கட்டவில்லை. இன்றுவரை கட்டவில்லை.

மறுநாள் காலையில் புஷ்பாதான் அந்த மாதா கோவிலுக்குப் போகலாம் என்றாள். சின்னக் கோவில், ஓட்டுக் கூரை. நாங்கள் போன நேரத்தில் உள்ளே யாரும் இல்லை. மாதா சிலைக்கு முன்னால் மணல் தட்டில் மெழுகுவத்திகள் எரிந்து முடிந்த அடிக்கட்டைகள் இருந்தன. எனக்கு அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். புஷ்பாவுக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து மாரியம்மனைத் தவிர வேறு சாமி கும்பிடாதவள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மெதுவாக மண்டியிட்டாள்.

நான் என்ன என்பது போல் பார்த்தேன்.

"அத்தை நம்மள இவங்ககிட்டதானே ஒப்படைச்சிட்டுப் போயிருக்காங்க. பிள்ளைகளக் காட்டிட்டுப் போலாங்க" என்றாள்.

மீனாவையும் சின்னவனையும் சிலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு பேரும் காளியம்மாளுடைய பேரப்பிள்ளைகள் என்று மாதாவிடம் சொன்னேன்.